தையல் இல்லாமல் காயத்தை மூடுவது: தோல் பசையைப் பயன்படுத்தும் முறை

நெற்றியில் 2 செ.மீ. வெட்டோடு குழந்தை வந்தால், ஊசி போட்டு, நாலு பேர் பிடித்துக்கொள்ள, தையல் போடுவதுதான் வெகுகாலம் வழக்கமாக இருந்தது. இன்று அதே காயத்தைக் கழுவி, ஓரங்களைச் சேர்த்துப் பிடித்து, மேலே பசை தடவி அனுப்பிவிடலாம். தையல் பிரிக்க மறுபடி வரவேண்டியதும் இல்லை. ஆனாலும் பசை போட்ட காயம் பிரிந்துபோய்த் திரும்பி வருவது உண்டு. அப்படித் திரும்புவதற்குப் பெரும்பாலும் பசை காரணமாக இருப்பதில்லை. ஈரத்தின் மேல் போட்டிருப்பார்கள், காயத்துக்குள் விட்டிருப்பார்கள், இல்லையென்றால் பசைக்கே ஒவ்வாத காயத்தில் போட்டிருப்பார்கள்.

இந்தக் குறிப்பு கேஷுவாலிட்டியில் வேலை செய்யும் நர்சுகளுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும். பசை போட்டு வீட்டுக்கு வந்தபின் பார்த்துக்கொள்ள வேண்டிய குடும்பத்தாருக்கும் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்: தோல் பசை என்பது காயத்துக்கு மேலே போடும் மூடி. வெட்டின் உள்ளே அதற்கு எந்த வேலையும் கிடையாது.

இது என்ன பசை?

சயனோஅக்ரிலேட். 1942இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவரின் குழு, துப்பாக்கியின் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது கையில் சிக்கிய பொருள். தொட்டதிலெல்லாம் ஒட்டியதால் அப்போது ஒதுக்கிவிட்டார்கள். 1958இல் பசையாகவே விற்பனைக்கு வந்தது. வியட்நாம் போரில் இரத்தப்போக்கை நிறுத்தக் காயத்தின் மேல் தெளித்தும் பார்த்தார்கள். ஆனால் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தோலை மூடுவதற்கு ஆக்டைல் சயனோஅக்ரிலேட்டுக்கு அனுமதி கொடுத்தது 1998இல்தான். நடுவில் அத்தனை ஆண்டுகள் போனதற்குக் காரணம் மூலக்கூறின் வால், அதாவது அதில் தொங்கும் கார்பன் சங்கிலி. மெத்தில், எத்தில் போன்ற குட்டை வால் வகைகள் உடலில் சீக்கிரம் சிதைந்து ஃபார்மால்டிஹைடை வெளிவிடும். திசு வெந்ததுபோல் ஆகும். பியூட்டைல், ஆக்டைல் என வால் நீள நீளச் சிதைவு மெதுவாகிறது, உடலும் தாங்கிக்கொள்கிறது.

கடையில் கிடைக்கும் ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசைகள் எத்தில் வகை. அவை கிருமிநீக்கமும் செய்யப்படாதவை. 'இரண்டும் ஒன்றுதானே' என்று வீட்டில் காயத்தில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

திரவமாக இருக்கும் இந்தப் பசை தோலில் உள்ள மெல்லிய ஈரம் பட்டதும் கெட்டியாகிறது. அப்போது சூடு வெளிவரும். மெல்லிய படலமாகத் தடவினால் அந்தச் சூடு தெரியாது, குளம்போல் ஊற்றினால் சுடும். ஈரம் அளவுக்கு மிஞ்சினாலோ, தோலைப் பிடிப்பதற்கு முன் அந்த ஈரத்தின் மேலேயே கெட்டியாகித் தோல்போல் உரிந்துவரும். பின்னால் சொல்லப்போகும் எல்லா முறைக்கும் எல்லாத் தவறுக்கும் இந்த இரண்டு குணங்களே அடிப்படை.

எந்தக் காயத்துக்கு ஏற்றது

நேராக, சுத்தமாக வெட்டுப்பட்ட, 4 முதல் 5 செ.மீ.க்கு மேல் போகாத காயம். இரண்டு ஓரத்தையும் விரலால் லேசாகத் தள்ளினாலே சேர்ந்துகொள்ள வேண்டும். தானாக விட்டால் இடைவெளி அரை செ.மீ.க்கு உள்ளே இருக்க வேண்டும். காயம் பட்டுப் பொதுவாக 12 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். நெற்றி, கன்னம், தாடை, முன்கை ஆகியவை நல்ல இடங்கள்.

கீழ்க்கண்டவற்றில் பசையைத் தொடவே கூடாது:

- நாய், பூனை, மனிதக் கடி, ஆணி குத்திய காயம், மண்ணும் சாணமும் ஏறிய காயம், சீழ் பிடித்தது.
- உதட்டின் சிவந்த பகுதி, வாயின் உள்பக்கம், மூக்கின் உள்பக்கம். எச்சிலும் சளியும் பசையை நிற்கவிடாது.
- அக்குள், தொடையிடுக்கு, உள்ளங்கை, உள்ளங்கால். வியர்வையும் உராய்வும் உள்ள இடங்கள்.
- முழங்கால், முழங்கை, விரல் மூட்டு. மூட்டை அசையாமல் கட்டிவைக்க முடிந்தால் மட்டும் யோசிக்கலாம்.
- சயனோஅக்ரிலேட்டோ ஃபார்மால்டிஹைடோ ஒத்துக்கொள்ளாதவர்கள். கண் இமை முடி ஒட்டும் அழகுநிலையப் பசையும் இதே குடும்பம்தான். அதில் அரிப்பு வந்ததுண்டா என்று கேட்டுவிடுங்கள்.

நரம்பு, தசைநாண், எலும்பு அடிபட்டிருக்கிறதா என்று பார்க்காமல் மூடுவது பெரிய பிழை. விரலில் வெட்டென்றால் காயத்துக்கு அப்பால் உணர்ச்சி இருக்கிறதா, விரல் மடங்கி நிமிர்கிறதா என்று முதலில் பாருங்கள். கண்ணாடி வெட்டு என்றால் எக்ஸ்ரே எடுங்கள். கண்ணாடித் துண்டு பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியும்.

கொழுப்பு தெரியும் அளவுக்கு ஆழமென்றால் பசை மட்டும் போதாது. பசை 5 முதல் 10 நாளில் தானே உதிர்ந்துவிடும். ஒரு வாரத்தில் காயத்தின் சொந்த வலு, நல்ல தோலின் வலுவில் சில சதவீதம்தான். மூன்றாவது வாரத்தில்கூட 20 முதல் 30 சதவீதத்தைத் தாண்டாது. இழுவிசை உள்ள இடத்தில் பசை உதிர்ந்த அன்றே காயம் விரியத் தொடங்கும். உள்ளே தானாகக் கரையும் நூலால் இரண்டு மூன்று தையல் போட்டு இழுவிசையை அதில் ஏற்றிவிட்டு, தோலுக்கு மட்டும் பசை போடுவது நல்ல வழி. அறுவை சிகிச்சை வெட்டுகளிலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

தட்டில் எடுத்துவைக்க வேண்டியவை

500 மி.லி. சலைன், 20 அல்லது 50 மி.லி. சிரிஞ்சு, ஊசியை எடுத்துவிட்ட 18 கேஜ் வென்ஃபிளான் (நரம்பில் சலைன் ஏற்றப் போடும்) குழாய், நிறைய உலர்ந்த காஸ் (வலைத்துணி), இரண்டு ஃபோர்செப்ஸ் (இடுக்கி), வாசலின், ஸ்டெரி ஸ்ட்ரிப் (காயத்தின் ஓரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் ஒட்டுப்பட்டை), 0.5 மி.லி. பசை ஆம்பூல் (சிறு குப்பி) ஒன்று. பஞ்சு வேண்டாம், அதன் இழை பசையில் சிக்கிக் காயத்தோடு காயமாக நின்றுவிடும். பசை ஆம்பூல் ஒருவருக்கு ஒன்று. மிச்சத்தை அடுத்தவருக்கு வைத்துக்கொள்வது கூடாது. காற்றின் ஈரம் பட்டுச் சில நிமிடத்திலேயே முனையில் இறுகிவிடும்.

கழுவுவது

பாதி வேலை இங்கேதான். பசையால் மூடிய காயத்தில் சீழ் வழிந்து வெளியேற வழியில்லை. ஆகவே அழுக்கோடு மூடினால் தையலைவிட மோசமாக முடியும்.

காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு வைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். பதறி வந்தவர்களைத் திட்டிப் பயனில்லை. அதையெல்லாம் கடைசித் துகள் வரை எடுத்தாக வேண்டும். காபித்தூள் தோலுக்குள் தங்கினால் வடுவில் கறுப்புப் புள்ளியாகவே நின்றுவிடும். வலிக்கும் என்றால் மரத்துப்போகும் ஊசி போட்டுக் கழுவுங்கள். பசைக்கு ஊசி தேவையில்லை என்பதற்காகக் கழுவுவதில் சிக்கனம் பிடிக்கக் கூடாது.

சிரிஞ்சின் முனையில் வென்ஃபிளான் குழாயைப் பொருத்தி, காயத்துக்கு 2 செ.மீ. மேலே பிடித்து, பலமாக அழுத்திப் பீய்ச்சுங்கள். காயத்தின் ஒவ்வொரு செ.மீ. நீளத்துக்கும் 50 முதல் 100 மி.லி. என்பது கணக்கு, 3 செ.மீ. காயத்துக்கு 150 முதல் 300 மி.லி. சலைன் இல்லாவிட்டால் குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீரே போதும். ஹைட்ரஜன் பெராக்சைடைக் காயத்துக்குள் ஊற்றாதீர்கள், நல்ல செல்லையும் அது கொல்லும். பொவிடோன் அயோடினைச் சுற்றியுள்ள தோலில் தடவலாம். பசை போடுமுன் அதைத் துடைத்து உலர்த்திவிட வேண்டும்.

பிறகு இரத்தம். காஸை மடித்து வைத்து 5 முதல் 10 நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கித் தூக்கிப் பார்த்தால் உறைந்ததும் பிய்ந்துவிடும். கசிவு நிற்காத காயத்தில் பசை போடாதீர்கள். கடைசியாக ஓரங்களை ஒற்றி எடுத்து முழுக்க உலரவிடுங்கள்.

பசை போடுவது

நோயாளியைப் படுக்கவைத்து, காயம் தரைக்கு இணையாக, மேல்நோக்கி இருக்கும்படி தலையைத் திருப்புங்கள். பசை தண்ணீர்போல் ஓடும். நெற்றியில் காயம் என்றால் தலைப்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்துங்கள். வழிந்தாலும் முடியை நோக்கி ஓடும், கண்ணை நோக்கி வராது. கண்ணை மூடச் சொல்லி, ஈரக் காஸை மடித்து மேலே வையுங்கள். புருவத்துக்கும் காயத்துக்கும் நடுவே வாசலினால் ஒரு வரப்பு போடுங்கள். அந்த வாசலின் காயத்தின் ஓரத்தில் பட்டால் அங்கே பசை ஒட்டாது, கவனம்.

ஓரங்களைச் சேர்ப்பதற்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் இரண்டு கைகளாலோ ஃபோர்செப்ஸாலோ ஓரங்களைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் பசை போடலாம். ஓரங்கள் ஒரே மட்டத்தில், மிகச் சற்றே மேல்நோக்கிப் புடைத்திருக்க வேண்டும். உள்ளே மடிந்தால் வடு பள்ளமாகும். காயம் கொஞ்சம் நீளமென்றால் நடுவில் ஒரு ஸ்டெரி ஸ்ட்ரிப் போட்டு நிலைநிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் பசை தடவலாம். விரல்கள் வெட்டிலிருந்து 1 செ.மீ.க்கு அப்பால் இருக்கட்டும். கையுறையும் நோயாளியும் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது காயமும் சேர்ந்து பிரியும்.

ஆக்டைல் வகை ஆம்பூல் என்றால், முனையை மேல்நோக்கிப் பிடித்து உள்ளேயிருக்கும் கண்ணாடியை ஒரே ஒரு முறை நசுக்குங்கள். திரும்பத் திரும்ப நசுக்கினால் கண்ணாடிச் சில் வெளியே குத்தும். பிறகு கவிழ்த்து, முனை நனையும் வரை மெல்ல அழுத்துங்கள். முனையால் காயத்தை அழுத்தாமல், மேலாக நீவி, வெட்டின் இரு பக்கமும் 5 முதல் 10 மி.மீ. பரவும்படி மெல்லிய படலமாகத் தடவுங்கள். 30 விநாடி காத்திருங்கள். மறுபடி ஒரு படலம். இன்னொரு 30 விநாடி. மூன்றாவது படலம். கடைசிப் படலத்துக்குப் பிறகும் ஓரங்களை 60 விநாடி விடாமல் பிடித்திருங்கள். முழு வலு வர இரண்டரை நிமிடம்போல் ஆகும். கடிகாரத்தைப் பார்த்தே எண்ணுங்கள். அழும் குழந்தை கையில் இருக்கும்போது மனக்கணக்கில் 30 விநாடி 10 விநாடியாகச் சுருங்கிவிடும்.

பியூட்டைல் வகை சீக்கிரம் இறுகும், காய்ந்தபின் கண்ணாடிபோல் விறைப்பாக இருக்கும். அதைப் படலம் படலமாக ஏற்றக் கூடாது. சேர்த்துப் பிடித்த கோட்டின் மேல் சிறு துளிகளாகவோ மெல்லிய ஒரே கோடாகவோ வைத்து 30 முதல் 60 விநாடி பிடித்தால் போதும். கனமாகப் போட்டால் சுடும், பின்பு வெடித்து உதிரும்.

தலையில் வெட்டு

தலைமுடிக்கு நடுவில் காயம் என்றால் முடியையே நூலாக்கும் முறை ஒன்று உண்டு. சிங்கப்பூர் மருத்துவர்கள் 2002இல் தையலோடு ஒப்பிட்டுச் சோதித்து வெளியிட்ட முறை இது. சிரைக்க வேண்டாம், ஊசி வேண்டாம், செலவும் குறைவு. இவ்வளவு எளிய முறை எல்லா ஊரிலும் பழக்கத்துக்கு வராதது வருத்தம்தான்.

காயம் 10 செ.மீ.க்குள், முடி 3 செ.மீ.க்கு மேல், இரத்தம் நின்றிருக்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து நாலைந்து முடி, எதிர்ப்பக்கத்திலிருந்து நாலைந்து முடி எடுத்து, காயத்தின் குறுக்கே இழுத்து, ஒன்றோடொன்று ஒரே ஒரு முழுச் சுற்று முறுக்குங்கள். முறுக்கின் மேல் ஒரு துளி பசை. இறுகும் வரை பிடித்திருந்துவிட்டு அடுத்த முறுக்குக்குப் போங்கள். முடிச்சுப் போட வேண்டாம். தலையில் எண்ணெய் தடவியிருந்தால் முடி வழுக்கும், பசையும் பிடிக்காது. அந்த முடியை மட்டும் உலர்ந்த காஸால் நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் தலைக்கு ஊற்றக் கூடாது. ஒரு வாரத்தில் முறுக்கு தானே அவிழும், அல்லது பசை பிடித்த நுனியை வெட்டிவிடலாம்.

எங்கே கெடுகிறது

காயத்துக்குள் பசை இறங்குவதுதான் முதல் கோளாறு. ஓரங்கள் சேராமல் இருக்கும்போது அவசரப்பட்டு ஊற்றினால் வெட்டின் நடுவில் பசை ஒரு சுவராக நின்றுவிடும். இரு ஓரமும் அந்தச் சுவரைத் தாண்டிச் சேர முடியாது. உடலும் அதை அன்னியப் பொருளாகப் பார்த்துச் சிவந்து வீங்கும். அப்போதே கண்டுவிட்டால் உலர்ந்த காஸால் உடனே துடையுங்கள், சில விநாடிதான் அவகாசம். இறுகிப்போனால் ஃபோர்செப்ஸால் உரித்தெடுத்து, கழுவி, முதலிலிருந்து தொடங்குங்கள். அப்படியே விட்டு 'ஆறிவிடும்' என்று அனுப்பாதீர்கள்.

ஓரங்கள் மேலும் கீழுமாக ஒட்டிக்கொள்வது அடுத்தது. முதல் படலம் போட்டதுமே சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். படி தெரிந்தால் இரண்டாவது படலம் போடாமல், வாசலின் தடவிக் கரைத்து எடுத்துவிட்டு மறுபடி சேர்க்கலாம். நல்ல தோலில் வழிந்து இறுகிய பசைக்கு அசிட்டோனும் உதவும். திறந்த காயத்திலும் கண்ணருகிலும் அசிட்டோன் கூடாது.

இமை ஒட்டிக்கொண்டால் யாரும் பதற வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். உடனே தண்ணீரால் கழுவி, கண்ணுக்கான ஆன்டிபயாட்டிக் களிம்பை இமை ஓரத்தில் தடவுங்கள். பெரும்பாலும் ஒன்று முதல் நாலு நாளில் தானே விடும். கத்தரிக்கோலைக் கொண்டுபோகாதீர்கள். கண்ணுக்குள் உறுத்தல் இருந்தால் கருவிழியில் கீறல் உண்டா என்று கண் மருத்துவர் அன்றே பார்க்க வேண்டும்.

தழும்பின் அழகில் பசைக்கும் தையலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காயம் பிரிவது மட்டும் பசையில் சற்றுக் கூடுதல். இதை முன்னதாகவே குடும்பத்தாரிடம் சொல்லிவிடுவது நேர்மை.

வீட்டில்

பசை போட்ட இடத்தில் எந்தக் களிம்பும் தடவாதீர்கள். சோஃப்ராமைசினோ, வாசலினோ, தேங்காய் எண்ணெயோ எதுவானாலும் எண்ணெய்ப்பசை பட்டால் ஒட்டு இளகும். நல்லது செய்வதாக நினைத்துப் பாட்டி தடவும் மஞ்சளெண்ணெயால் மூன்றாம் நாளே படலம் கழன்றுவிடலாம். அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

முதல் நாள் நனைக்க வேண்டாம். அடுத்த நாளிலிருந்து சட்டென்று குளித்துவிட்டு ஒற்றித் துடைக்கலாம். நீச்சல், வாளித் தண்ணீரில் கை ஊறப்போட்டுத் துணி துவைப்பது, எண்ணெய்க் குளியல் ஆகியவை பசை உதிரும் வரை கூடாது. குழந்தை நகத்தால் பிய்க்கும் என்றால் உலர்ந்த காஸை வைத்துக் கட்டுங்கள். பிளாஸ்திரியைப் பசையின் மேல் நேராக ஒட்டினால், எடுக்கும்போது பசையும் கூடவே வரும். டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்று நினைவில்லாவிட்டால் மருத்துவரிடம் அதையும் கேளுங்கள்.

சிவப்பு நாளுக்கு நாள் பரவுகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, சீழ் அல்லது காய்ச்சல் வருகிறது, காயம் வாய் திறக்கிறது என்றால் அன்றே போங்கள். வலியில்லாமல் அரிப்பும் கொப்புளமும் பசை பட்ட அளவுக்கு மட்டும் வந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். அதையும் காட்டுங்கள், இனி எந்த மருத்துவமனைக்குப் போனாலும் மறக்காமல் சொல்லுங்கள்.

உடலுக்குள் என்ன செய்கிறார்கள்

உள்ளுறுப்புகளுக்கு வேறு பசைகள் இருக்கின்றன. கண்ணில் சதை வளர்ந்ததை எடுத்துவிட்டு அங்கே சவ்வை ஒட்டவைக்க ஃபைப்ரின் பசை பயன்படுகிறது. மனிதப் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த ஃபைப்ரினோஜென் ஒரு பக்கம், த்ராம்பின் மறுபக்கம். இரண்டும் சேர்ந்ததும் நம் இரத்தம் உறைவதுபோலவே உறைந்து ஒட்டுகிறது. தையல் நூலின் உறுத்தல் இல்லாததால் நோயாளிக்குப் பெரிய நிம்மதி. பெருந்தமனி கிழிந்த இடத்தில், மாட்டு இரத்தத்தின் ஆல்புமினையும் குளூட்டரால்டிஹைடையும் கலந்த பயோகுளூவைத் தையலுக்குத் துணையாக வைக்கிறார்கள். மூளையைச் சுற்றிய உறையில் நீர் கசியாமலிருக்கப் பாலிஎத்திலீன் கிளைக்கால் ஜெல் உண்டு. அது வைத்தபின் நீரை உறிஞ்சி வீங்கும்; எலும்புக்கு நடுவே நரம்பு போகும் குறுகிய இடத்தில் கனமாக வைத்தால் நரம்பை நசுக்கிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான பகை ஈரம்தான். 2019இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் செய்துகாட்டிய இரட்டைப்பக்க நாடா அதை நேராகவே எதிர்கொண்டது: திசுவின் மேலிருக்கும் நீரை நாடா முதலில் தானே உறிஞ்சி, பிறகு சில விநாடிகளில் திசுவோடு பிணைகிறது. இன்னொரு வழி, ஒளி பட்டால் மட்டும் இறுகும் பசை. மருத்துவர் சரியான இடத்தில் வைத்துத் திருத்திக்கொண்டபின் விளக்கைக் காட்டலாம்.

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ அறுவை சிகிச்சை நடக்கப்போகிறது என்றால், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் உள்ளே வைக்கும் பசை எதிலிருந்து எடுத்தது என்று கேளுங்கள். சில ஃபைப்ரின் பசைகளில் உறைந்தது சீக்கிரம் கரையாமலிருக்கச் சேர்க்கும், மாட்டிலிருந்து எடுத்த அப்ரோட்டினின் என்ற புரதம் இருக்கிறது. முன்பு ஒருமுறை அது உடலில் சேர்ந்தவருக்கு அடுத்த முறை கடுமையான ஒவ்வாமை வரலாம். மாட்டுப் பொருள் வேண்டாம் என்று நம்பிக்கையின்படி நினைப்பவர்களுக்கும் முன்கூட்டியே சொன்னால் பல இடங்களில் மாற்று இருக்கிறது.